வலப்பக்கம் காலி

அத்தியாயம் 7

காபியைக் கொட்டியது நிர்மலா. மன்னிப்புக் கேட்டது மண்ணாங்கட்டி.

குருசுக்குப்பத்துச் சின்ன வீட்டின் முன்னறையில் நிர்மலா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் துப்பறியும் ரமீஜா, வலப்பக்கம் ரமீஜாவின் உதவியாளர் மண்ணாங்கட்டி. தன் டம்ளரை அவர் அவள் கைக்குப் பக்கத்தில்தான் வைத்தார். சுவரிலிருந்த போட்டோவைக் காட்ட அவள் கையை வீசினாள். டம்ளர் உருண்டு, மண்ணாங்கட்டியின் வெள்ளை வேட்டி காபி குடித்தது.

"தப்பு எம்பேர்லதான்மா. பரவால்ல, வேட்டியும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார்.

நிர்மலா சிரிக்கவில்லை. கழுத்தை முழுசாகத் திருப்பி, அங்கே ஒரு மனிதர் இருப்பதை அப்போதுதான் கண்டவள் போல அவரைப் பார்த்துவிட்டு, துடைக்கத் துணி எடுக்கப் போனாள். முப்பத்தேழு நாளாகப் புருஷனைக் காணாதவளுக்கு டம்ளர் கண்ணில் படவில்லை என்றால் அதில் என்ன அதிசயம் என்று மண்ணாங்கட்டி நினைத்துக்கொண்டார். அன்று அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதையாவது எமன் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று அம்மா வைத்த பெயர் அது. "ஐம்பத்து நாலு வருஷமா ஏமாந்துக்கிட்டே இருக்கான் பாவம்" என்று எமனுக்காக அவரே பரிதாபப்படுவார். இருபது வருஷம் சேதராப்பட்டுக்கும் டவுனுக்கும் டெம்போ ஓட்டினார். முதுகு மக்கர் பண்ணியதும் முல்லா வீதியில் துணிக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ரமீஜாவிடம் வந்து சேர்ந்தார். ரமீஜாவுக்கு நாற்பத்தொரு வயது, ஒரு ஸ்கூட்டர், பேச்சில் சிக்கனம். பேச்சுப் பற்றாக்குறையை மண்ணாங்கட்டி ஈடுகட்டிக்கொண்டிருந்தார்.

நிர்மலா திரும்பி வந்து, மேஜை மேலிருந்த மஞ்சள் துண்டை எடுத்தாள். அடியில் லேப்டாப். ரமீஜா அதை ஆன் பண்ணினாள். போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. புருஷனைக் கடத்தினவன் கைபட்டது என்று நம்பினாள்.

நடந்தது இவ்வளவுதான். நிர்மலாவின் கணவன் அருள்முருகன் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் டிசைனர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பினான், போய்ச் சேரவில்லை. போன் அணைந்து கிடந்தது. வீட்டில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு கடிதம்: 'என்னைத் தேட வேண்டாம். யார் மேலும் கோபமில்லை. அபியைப் பார்த்துக்கொள்.' அபி அவர்களுடைய மகள், ஆறாம் வகுப்பு. கடிதத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர், தானாகப் போனவர் என்று எழுதி பைலைக் கட்டிவிட்டார். கட்டின பைலை அவிழ்க்கத்தான் நிர்மலா ரமீஜாவிடம் வந்தாள்.

"அவுரு ஸ்கிரீனு இது இல்ல மேடம்" என்றாள் நூறாவது தடவையாக. "அவுருது ஒரே கறுப்பு. கீழ பட்டை இருக்காது, படம் இருக்காது. மேல பச்சையா ஒரு கடிகாரம் மட்டும் ஓடும். எல்லாமே கீபோர்டுதான். பூட்டுன கடை மாரி இருக்குதேன்னு நான் திட்டுவேன். நான் ஒருநாளும் அதுல கை வச்சதில்ல. இது பாருங்க."

பார்த்தார்கள். வெளிர்மஞ்சள் பட்டை, கொழுத்த எழுத்து, சுண்டுவிரல் நீளத்துக்கு அம்புக்குறி. இடது ஓரத்தில் வரிசையாகப் பெரிய பெரிய ஐகான்கள், தமிழில் பெயர் போட்டு: கரண்ட், கேஸ், ஸ்கூல், மோட்டார், ஜுரம். பின்னணியில் பீச் ரோட்டுப் பாறையில் நிர்மலாவும் அபியும். பக்கத்தில் கடல்.

"சுவத்துல இருக்கற அதே போட்டோதான். அதுல அவுரு இருக்காரு, இதுல இல்ல. அவர அழிச்சிட்டு கடல வரைஞ்சி வச்சிருக்கான். ஆளையும் தூக்கிட்டு, படத்துலயும் அழிச்சிருக்கான் படுபாவி."

சுவரில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி குறைகிறது என்று திரையின் இடது மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. ரமீஜா அதோடு சேர்த்துத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"வேற ஆளு வண்டிய எடுத்தா மொதல்ல என்னா பண்ணுவான் அண்ணே?" என்று மண்ணாங்கட்டியைக் கேட்டாள்.

"கண்ணாடியத் திருப்புவான். தன் உயரத்துக்கு."

"அதேதான். அந்தக் கறுப்பு ஸ்கிரீன ஓட்டத் தெரியாத ஒருத்தன் இங்க உக்காந்திருக்கான். தனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டு லெட்டர் அடிச்சிருக்கான். பழையபடி மாத்தி வைக்க மறந்துட்டான்."

இதையே அன்று காலை இன்ஸ்பெக்டரிடமும் சொல்லியிருந்தாள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆறு மணிக்குள்ள கொண்டாங்க. கடத்தல்னு கேஸ் போட்டு, அந்த விஜயத் தூக்கிடறேன்" என்றிருந்தார். விஜய், அருள்முருகனுக்குப் பக்கத்து நாற்காலி டிசைனர். சூப்பர்வைசர் வேலைக்கு இருவரும் போட்டி. அருள்முருகன் போவதற்குச் சில நாள் முன்பு எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். லேப்டாப்பின் பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே வெளியாளும் அவன்தான். படத்தில் ஆளை அழித்துக் கடலை வரைவது அவனுக்குக் கைவந்த வேலை.

எழுதி முடித்த காகிதம் மண்ணாங்கட்டியின் ஜோல்னாப் பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. போடுவதற்கு முன் விஜய் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள் ரமீஜா.

"அவரு உசுரோட இருக்காரு மேடம்" என்றாள் நிர்மலா வாசலில். "எங்கியோ அடைச்சி வச்சிருக்கான். கேஸ் போட்டா தேடுவாங்க இல்ல?"

ரமீஜா தலையாட்டினாள். ஸ்கூட்டரின் கண்ணாடிகள் திரும்பிக் கிடந்தன. மண்ணாங்கட்டி தினமும் போல அவற்றைத் துடைத்து, குனிந்து, ரமீஜாவின் உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். இருபது வருஷம் ஓட்டிவிட்டுப் பின் சீட்டில் உட்காருவது ஓய்வுபெற்ற கலெக்டர் ரேஷன் வரிசையில் நிற்பது போல என்பது அவர் தினசரிப் புலம்பல்.

சேதராப்பட்டில் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. விஜய் வந்தபோது அவனுக்கு முன்னால் அவன் பயம் வந்தது. முப்பது வயதுக்காரன், நாலு நாள் தாடி, கையில் டீ டம்ளர்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். சண்ட போட்டது நெஜம். மறுநாளே ஒண்ணா சாப்பிட்டோம்."

"என்னா கொழம்பு?" என்றார் மண்ணாங்கட்டி.

"ங்?"

"பொய் சொல்றவனுக்கு சாப்பிட்டது ஞாபகம் இருக்கும், கொழம்பு ஞாபகம் இருக்காது."

"அவன் வூட்டு நெத்திலிக் கொழம்பு. பாதிய எனக்கு ஊத்துனான்." சொல்லும்போதே விஜய்க்குக் கண் கலங்கியது. மண்ணாங்கட்டிக்கு அது பிடிக்கவில்லை. கடத்தினவன் கண் கலங்கினால் காகிதத்தில் கையெழுத்து விழாது.

ரமீஜா போனை நீட்டினாள். "இது அருள்முருகன் கம்ப்யூட்டர். இத மாத்தினது நீங்களா?"

விஜய் வாங்கிப் பார்த்தான். முதலில் சிரித்தான். "அருளோடதா? அவன் லினக்ஸ்காரன் மேடம், ஸ்கிரீன இஷ்டத்துக்கு மாத்திக்கற கூட்டம். வாரம் ஒரு தீம் மாத்துவான், ஆனா எல்லாம் கறுப்பு. கறுப்புலயே ஏழு தினுசு வச்சிருந்தான். வெள்ளையா எதனா தெரிஞ்சா கண்ணு கூசுதும்பான். இத அவன்…" பேச்சை நிறுத்தினான். படத்தை விரலால் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். டிசைனரின் கண் டீயை மறந்துவிட்டது, பயத்தையும் மறந்துவிட்டது.

"என்னா பாக்கறீங்க?"

"எல்லாம் இடது பக்கமா இருக்குது. ஐகான் சரி, அது சாதாரணமாவே அங்கதான் இருக்கும். ஆனா கடிகாரம் இடது. ஜன்னல மூடுற பொத்தான் இடது. பேட்டரி கம்மின்னு வருது பாருங்க, அது எப்பவும் வலது மூலையிலதான் வரும். அதையும் புடிச்சி இழுத்து இடது பக்கம் வச்சிருக்கான். வலது பாதியில ஒண்ணுமே இல்ல, வெறும் கடலு."

"இதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"பழகுனவனுக்கே மூணு நாலு நாள் புடிக்கும். ஒவ்வொண்ணா தேடித் தேடி நகத்தணும். அந்தக் கடல வரையறது தனி." போனைத் திருப்பிக் கொடுத்தான். "நாலு வரி லெட்டர் அடிக்க வந்தவன் எதுக்கு மேடம் இவ்ளோ மெனக்கெடணும்? யாருக்காவ செஞ்சது இது?"

கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருந்தான். குற்றவாளி கேட்கிற கேள்வி இல்லை அது. மண்ணாங்கட்டி டீக்குக் காசு கொடுத்தார். 

திரும்பும் வழியில் கோரிமேட்டில் டிராபிக் நின்றது. ஆஸ்பத்திரி எதிரே திண்டிவனம் பஸ் ஒன்று கூட்டத்தை இறக்கிக்கொண்டிருந்தது. வலது கண்ணில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள் இறங்கினாள். கூட வந்த ஆள் அவளுடைய இடப்பக்கமாக வந்து, பஸ்ஸும் ஆட்டோவும் சீறுவதைப் பார்த்துவிட்டு, பின்னால் சுற்றிக்கொண்டு கட்டுப் போட்ட பக்கம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் முகத்திலிருந்த பதற்றம் இறங்கியது.

மண்ணாங்கட்டி தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். காபிக் கறை காய்ந்துபோய் ஒரு தீவு மாதிரி கிடந்தது.

"மேடம், வண்டிய ஓரங்கட்டுங்க."

ரமீஜா ஓரங்கட்டினாள்.

"தினமும் காலையில இந்தக் கண்ணாடிய யாரு திருப்பறது?"

"நீங்க."

"வண்டி ஓட்டுறது?"

ரமீஜா கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம் அதில் சரியாக, நடுவில் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதை மண்ணாங்கட்டியும் பின்னாலிருந்து பார்த்தார்.

"கண்ணாடிய மாத்தினவன் தனக்காக மாத்தல" என்றாள் மெதுவாக. "அடுத்து உக்காரப் போறவங்களுக்காக மாத்தியிருக்கான்."

"காபிய அந்தப் பொண்ணு கொட்டல மேடம். டம்ளரு அதுக்குத் தெரியவே இல்ல. நானும் தெரியல. நாம்ப இப்ப நெனைக்கறது தப்பா இருக்கணும், மேடம். இந்த ஒரு தடவ நம்ம கணக்கு தப்பா இருந்தா நல்லாருக்கும்."

ரமீஜா வண்டியைக் கிளப்பினாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நாலரை மணி. நிர்மலா வாசலிலேயே நின்றாள். "ஒத்துக்கிட்டானா?"

ரமீஜா அவளை உட்கார வைத்தாள். இந்த முறை தானும் எதிரே உட்கார்ந்தாள். மண்ணாங்கட்டி உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். உங்க வலது கண்ணு தெரியாதுங்கறது யார் யாருக்குத் தெரியும்?"

நிர்மலாவின் கை தானாக முந்தானைக்குப் போனது. பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன, அழகாகவும் இருந்தன. "யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல."

 அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எட்டு வயதில் ஒரு ஜுரம், அதோடு போனது பார்வை. பெண் பார்க்க வந்தபோது வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிச்சயம் நின்றுவிடும் என்று பயம். மாமியாருக்கு இன்றைக்கும் தெரியாது. நாத்தனாருக்குத் தெரியாது. அபிக்கே தெரியாது.

"கல்யாணமாயி மூணாம் நாளு பீச்சுக்குப் போனோம். அவுரு வலது பக்கமா எதக் காட்டுனாலும் எனக்குத் தெரியல. மனசு கேக்கல, அழுதுட்டேன், சொல்லிட்டேன். அடிப்பாரு, எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாருன்னு நெனச்சேன். 'சரி, இனிமே நான் அந்தப் பக்கமே நடக்கறேன்'ன்னாரு. அவ்ளோதான். பதிமூணு வருஷமா அந்தப் பக்கந்தான் நடந்தாரு. வேற யாருக்கும் தெரியாது மேடம். அவருக்கு மட்டுந்தான்…"

  நிர்மலா தானே எழுந்து, துண்டை எடுத்துவிட்டு, லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிகிற பக்கத்தில் இருந்தன. எழுத்து அவள் மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் இருந்தது. அம்புக்குறியை அவள் தேடவே இல்லை.

'ஜுரம்' என்ற ஐகானை அமுக்கினாள். அபியின் எடைக்கு எந்த மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை, எந்த டாக்டர், அவர் இல்லாவிட்டால் எந்த டாக்டர், எந்த ஆட்டோக்காரர் கூப்பிட்டால் வருவார். 'மோட்டார்' என்பதை அமுக்கினாள். எந்தச் சுவிட்சை முதலில் போட வேண்டும் என்று படம் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தது. கீழே ஒரு வரி: 'பயப்படாதே, ஷாக் அடிக்காது, டெஸ்ட் பண்ணிட்டேன்.'

அவள் எல்லாவற்றையும் திறந்தாள். ஒன்றிலும் ஏன் என்று எழுதியிருக்கவில்லை. ரமீஜாவும் தேடிப் பார்த்தாள். கறுப்புத் திரையின் ஒரு தினுசுகூட மிச்சமில்லை, துடைத்து எடுத்திருந்தான். பைல்களின் தேதிகள் மட்டும் இருந்தன. போவதற்கு மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்து, தினமும் சாயந்திரம் ஏழிலிருந்து எட்டு.

"நான் தோச சுடற நேரம்" என்றாள் நிர்மலா. "இங்கதான் உக்காந்திருந்தாரு. கறுப்புல என்னாத்த முறைச்சிப் பாத்துக்கிட்டிருக்கன்னு அடுப்பாண்டேர்ந்து கத்துவேன். இரு நிம்மி, முடிஞ்சிட்டுதும்பாரு."

திரையில் பாறைமேல் அவளும் அபியும் சிரித்தார்கள். அவன் நின்ற இடத்தில் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. நுரைகூடத் தப்பாமல் வரைந்திருந்தான்.

"உசுரோட இருக்காரா மேடம்?"

"தெரியலம்மா. ஆனா திரும்பி வர்றதா இருந்தவரு இத இவ்ளோ முழுசா செஞ்சிருக்க மாட்டாரு."

நிர்மலா அழவில்லை. மணி பார்த்தாள், திரையின் இடது மூலையில். ஐந்து இருபது. "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றாள்.

மண்ணாங்கட்டி நிமிர்ந்தார்.

"நீங்க சொன்னது எனக்குத் தெரியாத மாரியே இருக்கறேன். கண்ணு விசயம் யாருக்கும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். கேஸ் போட்டா தேடுவாங்க இல்ல? ஸ்டேசன் ஸ்டேசனா போட்டோ ஒட்டுவாங்க இல்ல?"

"விஜயப் புடிச்சி உள்ள வைப்பாங்க" என்றாள் ரமீஜா. "புடிச்சதும் கேஸ் முடிஞ்சிதுன்னு அவன்கிட்ட மட்டும் கேட்டுக்கிட்டிருப்பாங்க. உங்க வீட்டுக்காரரத் தேட மாட்டாங்க."

"பேப்பர் குடுக்கலன்னா?"

"அப்பவும் தேட மாட்டாங்க."

ரமீஜா இந்த உண்மையைக் கொஞ்சம் சுற்றிச் சொல்லியிருக்கலாம் என்று மண்ணாங்கட்டிக்குக் கோபம் வந்தது. சுற்றிச் சொல்ல வழி இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார், நிர்மலாவின் இடப்பக்கமாக.

அவள் அதை ஒரு வரி விடாமல் படித்தாள். விஜய் என்ற பெயர் வந்த இடத்தில் நின்றாள். "நெத்திலிக் கொழம்புன்னா அந்தப் புள்ளைக்கி உசுரு. அவனுக்குன்னு சேத்து வச்சித்தான் டப்பா கட்டுவேன்" என்றாள். பிறகு நாலாக மடித்து, கிழிக்காமல், ரமீஜாவிடமே கொடுத்தாள். "வாங்க, ஸ்டேசனுக்குப் போவலாம். லெட்டரு அவரு எழுதுனதுதான்னு நானே சொல்றேன். எப்பிடித் தெரியும்னு கேட்டா, கண்ணு விசயத்தையும் நானே சொல்லிக்கறேன். இன்னும் யாருக்கு மறைக்கணும்."

மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால்தான் ஆட்டோ. சாயந்திர நேரம், வலது பக்கமிருந்து பஸ்ஸும் லாரியும் விடாமல் வந்துகொண்டிருந்தன. ரமீஜா முன்னால் போனாள். நிர்மலா கழுத்தைத் திருப்பாமல், நேராகப் பார்த்துக்கொண்டு சாலையில் கால் வைத்தாள். பதிமூன்று வருஷப் பழக்கம், அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.  இரண்டே எட்டில் மண்ணாங்கட்டி அவள் பின்னால் சுற்றிக்கொண்டு போய், வலப்பக்கம் வந்து, தோளுக்குத் தோளாகச் சேர்ந்து நடந்தார்.

நிர்மலா நடுரோட்டில் சட்டென்று நின்றாள். பக்கத்தில் ஆள் இருக்கிற சூடு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்ததை மண்ணாங்கட்டி அதற்குமுன் பார்த்ததில்லை. திரும்பாமலே, மெல்ல, "எங்க போயிட்ட நீ?" என்றாள்.

லாரி ஒன்று ஹாரன் அடித்தது.  அவள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்வரை சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட மண்ணாங்கட்டி நினைத்தார்.

"நாந்தான்மா" என்றார்.